மீன் தொட்டி விளக்குக்கும் வயதாகும்

2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் நம் பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில், அதாவது இன்றைய கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா நிலையத்தில், சுரங்க வடிவில் ஒரு மீன் காட்சியகம் திறந்தார்கள். சுரங்கத்தின் நீளம் 12 அடி, நுழைவுக் கட்டணம் அப்போது 25 ரூபாய். ரயிலுக்குக் காத்திருக்கும் பயணிகள் தலைக்கு மேல் மீன் நீந்துவதைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். சிக்னல் கம்பிகளைத் தேடிக்கொண்டு பல வருஷம் நான் அலைந்த ஸ்டேஷன் அது. பேத்தியை அழைத்துக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் நான் அண்ணாந்து விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "தாத்தா, மீன் இங்கே இருக்கு" என்று குழந்தை கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் சுயநினைவு வந்தது.

விளக்கைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய வருஷம்தான் ஒரு மீன் தொட்டி விளக்கில் 4,800 ரூபாய் ஏமாந்திருந்தேன். ஏமாற்றியவர் யாருமில்லை, நானேதான். நம் சங்க அன்பர்கள் பலர் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது. "எல்.இ.டி. விளக்கை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?" என்று அவர்களில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் வருஷா வருஷம் மாற்றச் சொல்கிறார், அட்டைப் பெட்டியிலோ 50,000 மணி நேரம் என்று அச்சடித்திருக்கிறது. தினம் 8 மணி நேரம் எரித்தால் 50,000 மணி என்பது 17 வருஷம். ஒன்றா, பதினேழா? இரண்டையும் நம்ப வேண்டாம் என்பது என் கட்சி.

கடைக்காரர் சொல்லும் ஒரு வருஷக் கணக்கு ட்யூப்லைட் காலத்தில் பிறந்தது. கப்பன் பார்க்கில் அரசு மீன் காட்சியகம் 1983-ல் திறந்தபோது எல்லா ஊரிலும் மீன் தொட்டிக்கு ட்யூப்லைட்தான். ட்யூபின் உட்புறம் பூசிய பாஸ்பர் பொடி நாளடைவில் சோர்ந்துபோகும், இரண்டு முனைகளிலும் கருமை படியும். நம் கண்ணுக்கு அது பிரகாசமாகவே தெரியும், செடிக்கு வேண்டிய ஒளியோ குறைந்திருக்கும். ஆகவே தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ட்யூபை மாற்றுவது வழக்கமாயிற்று. ட்யூப் போய் எல்.இ.டி. வந்துவிட்டது, வழக்கம் மட்டும் போகவில்லை.

(விளக்குப் பேச்சு வந்தால் பெங்களூர்வாசிக்குச் சிவனசமுத்திரம் ஞாபகம் வராமல் இருக்காது. 1902-ல் அங்கே காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் முதலில் கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்குப் போயிற்று. சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வந்த நம்மவர்கள். 1905-ல் இந்நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. அத்திட்டத்துக்கு அடிகோலிய திவான் சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்க இல்லை, 1901-லேயே காலமாகிவிட்டார். சரி, தொட்டிக்குத் திரும்புவோம்.)

எல்.இ.டி. எப்படி வெள்ளை ஒளி தருகிறது என்று தெரிந்தால் அது எப்படிக் கிழடாகிறது என்பதும் விளங்கிவிடும். சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. நல்ல பிரகாசமான நீலம்தான் கிடைக்காமல் முப்பது வருஷம் தண்ணி காட்டியது. ஜப்பானில் அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகியோரின் உழைப்பால் 1990களின் தொடக்கத்தில் அது சாத்தியமாயிற்று. 2014-ல் மூவருக்கும் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. நீலம் கிடைத்ததும் வெள்ளைக்கு வழி பிறந்தது. கடுகு அளவு நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசுகிறார்கள். நீல ஒளியில் ஒரு பகுதி பாஸ்பரில் பட்டு மஞ்சளாக மாறுகிறது, மிச்சம் நீலமாகவே வெளியேறுகிறது. இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சில்லையும் பாஸ்பரையும் சிலிக்கோன் பசைக்குள் புதைத்து, அடியில் வெள்ளிப் பூச்சை ஒரு கண்ணாடி போல வைத்திருப்பார்கள்.

இந்த ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக வயதாகிறது. சில்லின் படிகத்தில் பிறவியிலேயே உள்ள நுண்ணிய குறைகள் மெல்லப் பெருகும். அங்கே போகும் மின்சாரம் ஒளியாகாமல் சூடாகிவிடும். மேலே உள்ள பசை சூட்டிலும் நீல ஒளியிலும் பழுத்து மஞ்சளிக்கும். பழைய மலிவு விளக்குகளில் இருந்த எப்பாக்சி சீக்கிரமே பழுத்துவிடும், சிலிக்கோன் வெகுநாள் தாங்கும். காற்றில் கந்தக வாயு இருந்தால் வெள்ளிப் பூச்சு கறுக்கும், வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பது போலத்தான். பாஸ்பரில், குறிப்பாகச் சிவப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் சில வகைகளுக்கு ஈரம் ஆகாது. இத்தனையும் சேர்ந்து வெளிச்சமும் குறைகிறது, நிறமும் மாறுகிறது.

இங்கே ஒரு சிக்னல்காரன் சொல்ல வேண்டியது இருக்கிறது. அந்தக் காலச் சிக்னலில் 12 வோல்ட் பல்புதான். ஒரு இழை அறுந்தால் மற்றது எரியும்படி இரட்டை இழை பல்பும் உண்டு. பல்பு வழியாக மின்சாரம் ஓடுகிறதா என்று ஒரு ரிலே காவல் காக்கும். இழை அறுந்தால் மின்சாரம் நின்று ரிலே விழும், உள்ளே ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். எல்.இ.டி.யின் முதுமையை இப்படிப் பிடிக்க முடியாது. மின்சாரம் முதல் நாள் ஓடிய அளவே ஓடும், வெளிச்சம் மட்டும் பாதியாகியிருக்கும். மின் மீட்டரும் காட்டிக்கொடுக்காது. நம் கண்ணும் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் மெல்ல மெல்லக் குறையும் வெளிச்சத்துக்கு அது பழகிவிடும். முப்பது சதவீதம் வரை குறைந்தாலும் பெரும்பாலோர் கவனிப்பதில்லை என்பதால்தான் விளக்குத் துறையினர் 70 சதவீதத்தை எல்லையாக வைத்தார்கள். பெட்டியில் போட்டிருக்கும் ஆயுள், விளக்கு அணைந்துபோகும் நேரம் அல்ல. வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 70 சதவீதமாகக் குறையும் நேரம்.

அந்த 50,000 மணியை யாராவது உட்கார்ந்து எண்ணினார்களா என்றால் இல்லை. 50,000 மணி என்பது இடைவிடாமல் எரித்தாலே ஐந்தே முக்கால் வருஷம். அதற்குள் அந்த மாடலே சந்தையில் இருக்காது. எல்.எம்.80 என்ற முறைப்படி சில்லுகளைக் குறைந்தது 6,000 மணி நேரம், அதாவது 250 நாள், குறிப்பிட்ட சூட்டில் எரித்து அளக்கிறார்கள். பிறகு டி.எம்.21 என்ற முறைப்படி கோட்டை நீட்டிக் கணக்கிடுகிறார்கள். சோதித்த நேரத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேல் நீட்டக் கூடாது என்பது விதி. 6,000 மணி சோதித்தவர் 36,000 மணிதான் சொல்லலாம். இதில் கவனிக்க வேண்டியது, சோதனை சில்லுக்குத்தானே ஒழிய விளக்கு முழுவதற்கும் அல்ல. விளக்கில் சில்லைத் தவிர டிரைவர் இருக்கிறது, ஈயப் பற்று இருக்கிறது, வயர் இருக்கிறது, மேல் மூடி இருக்கிறது.

என் அனுபவத்தில் முதலில் சாகிறவர் டிரைவர்தான். வீட்டு மின்சாரத்தைச் சில்லுக்கு ஏற்ற நேர் மின்சாரமாக மாற்றித் தரும் சிறு சர்க்யூட் அது. அதற்குள் உருளை வடிவில் ஒரு கெப்பாசிட்டர், அதற்குள் ஒரு திரவம். சூட்டில் அந்தத் திரவம் வற்றிக்கொண்டே வரும். 105 டிகிரியில் 2,000 மணி உழைக்கும் என்று அதன் மேல் அச்சிட்டிருந்தால், 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும் என்பது எங்கள் தொழிலில் கையாளும் தோராயக் கணக்கு. 75 டிகிரியில் 16,000 மணி, 65 டிகிரியில் 32,000 மணி. தினம் 8 மணி நேரம் எரிந்தால் முன்னது ஐந்தரை வருஷம், பின்னது பதினோரு வருஷம். பத்து டிகிரியில் பாதி ஆயுள் போய்விட்டது பாருங்கள்! ஆகவே மூடிக்குள் அடைத்த விளக்கைவிடக் கால் வைத்துத் தண்ணீருக்கு மேலே காற்றோட்டமாக நிற்கும் விளக்கு வெகுநாள் வரும். எல்.இ.டி. சூடாகாது என்று பலரும் நினைக்கிறார்கள். கீழே கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியாதுதான். சூடெல்லாம் முதுகுப் பக்கம் அலுமினியத்துக்குப் போகிறது. அங்கே தொட்டுப் பாருங்கள். கையை எடுக்கும்படி சுட்டால் அந்த விளக்கு அற்பாயுசு.

இனி என் 4,800 ரூபாய்க் கதை. 2017-ல் மூன்றடித் தொட்டி ஒன்று வைத்தேன். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் தானாக வளரும் கிரிப்டோகோரைன் செடிகளும், மிஸ் கேரளா என்று சொல்கிறார்களே, அந்தச் செங்கோட்டு மீன் ஆறும் அதில் இருந்தன. மூன்று வருஷம் ஜோராக இருந்தது. பிறகு செடிகள் நலிய ஆரம்பித்தன. தண்டு நீண்டு, இலை சிறுத்து, அடி இலைகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. விளக்குக்கு வயதாகிவிட்டது என்று கடையில் சொன்னார்கள். நானும் தலையாட்டிவிட்டு அதே கம்பெனியின் அதே மாடலைப் புதிதாக வாங்கிப் போட்டேன். பழையதை எங்கள் அடுக்ககக் காவலாளி அறைக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் ஆயிற்று, செடியில் பெரிய முன்னேற்றம் இல்லை.

ஒருநாள் என் மனைவி, "ஏங்க, இந்தக் கண்ணாடியை எப்பத்தான் தேய்ச்சீங்க? பாத்ரூம் பக்கெட் மாதிரி இருக்கு" என்றாள். தொட்டியின் மேல் மூடிக் கண்ணாடியைச் சொன்னாள். எங்களுக்குப் பாதி நாள் போர்வெல் தண்ணீர்தான். நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவரும் காவிரித் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் எல்லா நாளும் போதுமா? போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். காற்றுக் குமிழி வெடிக்கும்போது தெறிக்கும் துளி காய்ந்து, அதன் மேல் இன்னொரு துளி காய்ந்து, கண்ணாடி பால் வெள்ளையாகிவிட்டது. தினமும் பார்க்கிறவனுக்கு அது தெரியவில்லை.

அப்போதுதான் எனக்குப் பழைய புத்தி வந்தது. காவலாளி அறையிலிருந்து பழைய விளக்கை ஒரு இரவு கடன் வாங்கி வந்தேன். இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் விளக்கைக் கிடத்தி, நேர் கீழே தரையில் மொபைல் போனை வைத்து, வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் காட்டும் செயலியைத் திறந்து அளந்தேன். புது விளக்கு 6,400. பழையது 5,600. அதாவது மூன்று வருஷத்தில் பழைய விளக்கு இழந்தது எட்டில் ஒரு பங்கு மட்டுமே. பிறகு அந்த அழுக்குக் கண்ணாடியை நடுவில் பிடித்து அளந்தேன். பழைய விளக்கு 3,400, புது விளக்கு 3,900. அழுக்குக் கண்ணாடிக்கு மேல் வைத்த 4,800 ரூபாய்ப் புது விளக்கைவிட, கண்ணாடி இல்லாத பழைய விளக்கு எவ்வளவோ மேல்! வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் கண்ணாடி மேல் போட்டு வைத்துத் தேய்த்தேன். செலவு பத்து ரூபாய்கூட இராது.

ஆகவே செடி நலிந்தால் முதலில் மூடிக் கண்ணாடியையும், விளக்கின் கீழ்ப்புறத்துப் பிளாஸ்டிக்கையும் துடைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக்குக்கு வினிகர் போட்டால் நன்றாகக் கழுவி விடுங்கள், சொரசொரப்பான நார் வேண்டாம். துடைத்தும் பிளாஸ்டிக் மஞ்சளாகவே இருந்தால் அது பழுத்துவிட்டது என்று பொருள். பாசி படர்ந்ததும் விளக்கைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. வெளிச்சம் குறைந்ததால் பாசி வந்தது என்று நான் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டேன். தீனி அதிகம், தண்ணீர் மாற்றுவது குறைவு, ஜன்னல் வெயில் இவற்றைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

புது விளக்கு வாங்கினால் வாங்கிய அன்றே அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதே உயரம், அதே இருட்டறை, விளக்கைப் போட்டு அரை மணி கழித்து, அதே போன். போனுக்குப் போன் லக்ஸ் மாறும். ஒரு பழைய போனை நான் இதற்கென்றே அலமாரியில் வைத்திருக்கிறேன். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, பச்சைக்கு அதிக மதிப்புக் கொடுக்கும், செடிக்கு வேண்டிய நீலத்தையும் சிவப்பையும் குறைத்து மதிப்பிடும். என்றாலும் அதே விளக்கின் இன்றைய அளவை அதன் முதல் நாள் அளவோடு ஒப்பிட இது போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதினால் போதும். ஒரே விளக்கில் வெள்ளை, நீலம், சிவப்பு தனித்தனி வரிசைகளாக இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாக அளப்பது நல்லது. அவை ஒரே வேகத்தில் கிழடாவதில்லை.

எப்போது மாற்றுவது? தொட்டியில் மீன் மட்டும்தான் என்றால் வெளிச்சம் பாதியானாலும் கவலையில்லை, மீனுக்கு அதனால் நஷ்டமில்லை. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்ற நிழல் செடிகளும் பொறுத்துக்கொள்ளும். தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக எரிய விடலாம், விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தலாம். கரியமில வாயு செலுத்திச் சிவப்புச் செடி வளர்ப்பவர்களும், கடல் தொட்டியில் பவளம் வைத்திருப்பவர்களும் 70 சதவீதத்தைத் தொட்டதும் மாற்றிவிடுவது உசிதம். மாற்றினால் புது விளக்கை முதல் நாளே முழு வேகத்தில் எரிக்காதீர்கள். இருட்டுக்குப் பழகிய செடி வெந்துபோகும், பவளம் வெளுத்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

தேவைக்குச் சற்று அதிகமான விளக்கை வாங்கி, டிம்மரில் 70 சதவீதம் வைத்து ஓட்டுவது என் வழக்கம். சூடு குறைகிறது, ஆயுள் கூடுகிறது, வெளிச்சம் மங்கும்போது ஏற்றிக்கொள்ளக் கையிருப்பும் இருக்கிறது. இதுவும் சிக்னலில் கற்றதுதான். 12 வோல்ட் பல்புக்கு அதில் 90 சதவீதம்தான் கொடுப்போம். கொஞ்சம் மங்கும், ஆனால் பல்பு பல மடங்கு நாள் உழைக்கும்.

இதுவரை சொன்னதில் அவசரம் எதுவும் இல்லை. இனிச் சொல்வதில் ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது. அல்சூரில் இருக்கும் நண்பர் ஒருவர், தண்ணீரில் கை வைத்தால் லேசாக விறுவிறுக்கிறது என்றார். மீன்கள் நன்றாக நீந்துகின்றன, அதனால் இது பிரமையாகத்தான் இருக்கும் என்றும் அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். ரயில்வேயில் 25,000 வோல்ட் கம்பி மேல் காக்கை உட்கார்ந்து இறகு கோதுவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அதன் வழியாக மின்சாரம் பூமிக்கு இறங்க வழியில்லை, அதனால் அதற்கு ஒன்றுமில்லை. தொட்டி மீனும் அப்படித்தான். தரையில் வெறுங்காலோடு நின்று கைவிடும் மனிதன்தான் பூமிக்கு வழி. அவர் வீட்டில் தினமும் தீனி போடுவது ஐந்து வயதுப் பேரன், அதுவும் ஸ்டீல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விரலைத் தண்ணீரில் நனைத்து.

ஓடிப்போய் முதலில் மெயினை அணைத்தேன். மலிவான விளக்கு, 230 வோல்ட் நேராக உள்ளே போகிறது. அந்த டிரைவரில் வீட்டு மின்சாரத்தையும் சில்லையும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மரே இல்லை. ஓரத்து ரப்பர் வெடித்து, ஆவி புகுந்து, பட்டைக்குள் தண்ணீர் கோத்திருந்தது. வெளிச்சம் என்னவோ பிரமாதமாக இருந்தது! அப்படிப்பட்ட விளக்கின் ஆயுளை லக்ஸ் வைத்து முடிவு செய்வதற்கில்லை. உள்ளே ஆவி படிந்திருந்தால், ரப்பர் வெடித்திருந்தால், பச்சைக் களிம்பு தெரிந்தால், அன்றே கழற்றி எறிய வேண்டும். அடாப்டர் வெளியே தனியாக இருந்து 12 அல்லது 24 வோல்ட் மட்டும் தொட்டிக்கு வரும் விளக்கையே வாங்குங்கள். வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி ஏறட்டும், வழியும் நீர் அங்கே சொட்டிவிடும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாதவர்கள் மீன் வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நண்பர் மறுநாளே இரண்டையும் செய்தார்.

விளக்கு திடீரென்று விட்டுவிட்டு எரிந்தால், அல்லது முன்பு இல்லாத பட்டை பட்டையான கோடுகள் போன் கேமராவில் தெரிந்தால், பெரும்பாலும் டிரைவர் கெப்பாசிட்டர்தான். டிம்மர் வைத்த விளக்கில் முதல் நாளிலிருந்தே கோடு தெரிவதுண்டு, அது வேறு. ஏப்ரல், மே மாதத்து இடிமழைக்கு மறுநாள் விளக்கு எரியாவிட்டாலும் டிரைவரைத்தான் பார்க்க வேண்டும். அடாப்டர் தனியாக இருந்தால் எஸ்.பி. ரோட்டில் அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் சொல்லி வாங்கி மாட்டினால் விளக்கு பிழைத்துக்கொள்ளும். ஒரு வரிசை மட்டும் மொத்தமாக அணைந்தால் அதில் ஒரு சில்லு அல்லது ஈயப் பற்று விட்டிருக்கும், எல்லாம் சரம் போலத் தொடராக இணைத்தவை. கைப்பழக்கம் உள்ளவர்கள் சரிசெய்யலாம். செத்த விளக்கில் ட்யூப்லைட் போலப் பாதரசம் இல்லை. இருந்தாலும் வீட்டுக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

காவலாளி அறைக்குப் போன என் பழைய விளக்கு அங்கே இரவு முழுக்க, 12 மணி நேரம் எரிகிறது. 2025-ல் ஒருநாள் அதை மறுபடி கடன் வாங்கி, அதே இரண்டு ஸ்டூல், அதே பழைய போன் வைத்து அளந்தேன். 4,300 லக்ஸ். புதிதில் 6,400 என்று வைத்துக்கொண்டால் 67 சதவீதம். என் தொட்டியில் மூன்று வருஷம், அவர் அறையில் ஐந்து வருஷம், கூட்டிப் பார்த்தால் 30,000 மணியைத் தாண்டிவிட்டது. மாற்றித் தரட்டுமா என்று கேட்டதற்கு, "எதுக்கு சார், பேப்பர் படிக்க நல்லா இருக்கே" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.